பூ வைத்த டிஸ்க்

என் சாவிக்கொத்தில் கடைச் சாவி, வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, அவற்றோடு ஒரு பென் டிரைவ் தொங்கும். சாவிகளைக் கழற்றிக் கழற்றிப் பலமுறை தொலைத்திருக்கிறேன். பென் டிரைவைத் தொலைத்ததே இல்லை. அதற்குள் இருப்பது செத்துப்போன கம்ப்யூட்டரை எழுப்புகிற மென்பொருள். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே அதில் உள்ளது அத்தனையையும், முதல் எழுத்திலிருந்து கடைசி ஃபோட்டோ வரை, அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பிறகு இடி விழட்டும், வைரஸ் புகட்டும், அந்த நகலைத் திருப்பிப் போட்டால் நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடரலாம். எந்தெந்த நாட்டிலோ யார் யாரோ சேர்ந்து எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று வெளியே வைத்திருக்கிறார்கள். பத்துப் பைசா கிடையாது.

புதுக்கோட்டையில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் இடி விழுந்து லேப் முழுக்கப் படுத்துவிட்டது. ஒரே மத்தியானத்தில் அத்தனை கம்ப்யூட்டரையும் எழுப்பிக் கொடுத்தேன். தலைமையாசிரியர் என்னை ஓரமாக அழைத்துப் போய், "தம்பி, இது கிராக்குதானே? இன்ஸ்பெக்‌ஷன்ல மாட்டிக்கிட மாட்டோமே?" என்றார். "இல்ல சார், இது ஃப்ரீ" என்றேன். "ஃப்ரீயா எவன் தருவான்?" என்றார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஊர் இது.

எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். கம்ப்யூட்டர் போச்சு என்று கடைக்கு வருகிறவர்களிடம் முதல் கேள்வியே நகல் இருக்கிறதா என்பதுதான். இல்லை என்று தலையை ஆட்டினால் பிடித்துக்கொள்வேன். "வீட்டுப் பூட்டுக்கு ரெண்டு சாவி வச்சிருக்கீங்க. பிள்ளைங்க பொறந்ததுலேர்ந்து எடுத்த ஃபோட்டோவுக்கு ரெண்டாவது நகல் இல்லையா?" திருக்கோகர்ணத்தில் என் தெருவில் என்னைக் கண்டால் சிலர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அந்த அளவுக்கு இந்த விஷயத்தில் நான் இம்சை.

இப்படி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த நான், அன்னவாசலில் இருந்த ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் நகல் எடுக்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில்தான் அண்ணி இருந்தார்.

அண்ணன் என் உடன்பிறந்தவர் அல்ல. அன்னவாசல் கடைத்தெருவில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில், ஸ்டுடியோ வைத்திருப்பவர். ஒரு தடவை பிரிண்டர் பழுது பார்க்கப் போனேன். அவருடைய மனைவி காபி கொடுத்தார். அதன் பிறகு இலுப்பூர் பக்கம் வேலையென்று போகும்போதெல்லாம் அங்கே இறங்காமல் போனதில்லை. அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவர். என்னைத் தம்பி என்பார். நான் அண்ணே என்றேன், அதனால் அவர் மனைவி அண்ணியானார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே பந்தல் போட்டாலும் இருவரும் சேர்ந்துதான் போவார்கள். அவர் கேமராவைப் பிடிப்பார், அண்ணி குடை லைட்டைப் பிடிப்பார்.

கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறுவதற்கு முன் அண்ணன் லைட் சரிபார்ப்பார். அதற்கு மணப்பெண் நிற்கப்போகிற இடத்தில் யாராவது நிற்க வேண்டும். அந்த யாராவது எப்போதும் அண்ணிதான். நிறம் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்காகக் கையில் ஒரு வெள்ளைத் தாளை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"இந்தா, கொஞ்சம் அங்கிட்டு நகந்து நில்லு."

"ஏங்க, எத்தன தடவதான் என்னயப் பொண்ணாக்குவீங்க? நிக்கவச்சே காலு போச்சு."

"தாலி கட்டுனதே ஒரு தடவதான். மத்ததெல்லாம் லைட்டுக்கு."

இந்தப் பேச்சை நானே நாலைந்து மண்டபங்களில் கேட்டிருக்கிறேன். ஒரு கிளிக் அடித்துப் பார்த்துவிட்டு அவர் தலையாட்டுவார். அண்ணி இறங்கிவிடுவார். அதன் பிறகு நிஜப் பெண் ஏறுவாள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அந்த ஃபோல்டரில் முதல் படம் அண்ணி. ஆல்பத்துக்குப் படம் பொறுக்கும்போது அதைத் தள்ளிவிடுவார். கல்யாண வீட்டாருக்குக் கொடுக்கும் பென் டிரைவிலும் அது போகாது. ஆனால் அழித்ததும் இல்லை. அழிக்க நேரமில்லை என்றுதான் அப்போது சொன்னார்.

அண்ணிக்கு மார்பில் கட்டி வந்தது. தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் மூன்று வருடம் அலைந்தார்கள். அண்ணி முடிந்தவரை கல்யாணங்களுக்கும் வந்துகொண்டிருந்தார். போன வருடத்துக்கு முந்தைய வருடம், மாசி மாதத்தில், ஒரு காலையில் போய்விட்டார்.

அன்றைக்கு நான் போனபோது ஃபிளெக்ஸ் அடிக்கிறவர் வாசலில் நின்றிருந்தார். கண்ணீர் அஞ்சலி போர்டுக்கு ஒரு ஃபோட்டோ வேண்டும். வீட்டில் தேடினால் ஒன்றுகூட இல்லை. அவர்களுடைய கல்யாண ஆல்பம் புயல் வந்த வருடம் ஓட்டுக்கூரையோடு நனைந்து ஒட்டிப்போய்விட்டது. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். சுற்றுவட்டாரத்தில் யார் செத்தாலும் பழைய கல்யாணக் குரூப் ஃபோட்டோவிலிருந்து அந்த முகத்தை வெட்டி எடுத்து, வேட்டியும் மாலையும் போட்டு போர்டுக்குக் கொடுத்த மனிதர் அவர். அவர் வீட்டுச் சுவரில் மனைவியின் படம் ஒன்று இல்லை.

அண்ணன் என்னையும் அழைத்துக்கொண்டு ஸ்டுடியோ படி ஏறினார். கம்ப்யூட்டரைப் போட்டு ஒரு ஃபோல்டரைத் திறந்தார். முதல் படம். அதை மூடி அடுத்த ஃபோல்டர். முதல் படம். அப்போதுதான் இருவருக்குமே புரிந்தது. நானூறு சொச்சம் கல்யாணம், பதினைந்து வருடம். அண்ணி சின்னப் பெண்ணாக, இரட்டைச் சடையோடு, பிளாஸ்டிக் ரோஜாவுக்கு முன்னால் கூச்சத்தோடு நிற்கிறார். கொட்டாவி விடுகிறார். தாளுக்கு மேல் கண் மட்டும் தெரியும்படி ஒளிந்துகொண்டு சிரிக்கிறார். கொடும்பாளூரில் மூவர் கோயில் புல்தரையில், யாரோ ஒரு ஜோடி அலங்காரம் முடிந்து வருவதற்குள், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலைத் திட்டுகிறார். மண்டபப் படங்களில் பின்னால் தெர்மோகோலில் யார் யார் பெயர்களோ.

"இம்புட்டு இருக்காடா" என்றார் அண்ணன். நடுவில் ஒரு வருடத்துப் படத்தை எடுத்து வெட்டிக் கொடுத்தார். போர்டில் பார்த்தால் அடியில் வலது மூலையில் அந்த வெள்ளைத் தாளின் நுனி தெரியும். அதே படத்தைச் சட்டம் போட்டு ஸ்டுடியோ சுவரில் மாட்டினார்.

அதன் பிறகு அவருக்கு ஒரு வழக்கம் வந்தது. காலையில் கடை திறந்து, ஊதுபத்தி கொளுத்தி, கம்ப்யூட்டரில் ஒரே ஒரு ஃபோல்டரைத் திறப்பார். முதல் படத்தை மட்டும் பார்ப்பார். மூடிவிட்டு வேலையை ஆரம்பிப்பார். நாளைக்கு ஒன்றுதான். "ஒரே நாள்ல எல்லாத்தையும் பாத்துட்டா அப்புறம் என்ன பண்றது தம்பி" என்பார். எல்லாம் தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து வருவார். இன்றைக்கு எந்த ஊர்க் கல்யாணம், அண்ணி என்ன சேலை என்று எனக்கும் சொல்வார்.

இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். சாவிக்கொத்தில் பென் டிரைவைத் தொங்கவிட்டுக்கொண்டு பார்த்தேன். அந்தப் படங்களுக்கு உலகத்தில் வேறு நகல் கிடையாது என்று எனக்குத் தெரியும். "அடுத்த வாரம் ஒரு டிஸ்க் வாங்கிட்டு வாரேன்ணே, எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்துருவோம்" என்று எத்தனை தடவை சொன்னேனோ. அங்கே நான் வேலைக்குப் போகிறவனாக இல்லை, டீ குடிக்கப் போகிறவனாக இருந்தேன். வாடிக்கையாளர் வீட்டு வேலைக்கு நாள் குறிப்போம். சொந்தக்காரன் வேலை அடுத்த வாரத்திலேயே நிற்கும்.

போன வருடம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவரிடமிருந்து போன் வந்தது. "தம்பி, கம்ப்யூட்டருக்குள்ள பல்லி கத்துற மாதிரி டிக்கு டிக்குங்குது." டிஸ்க் சாகப்போகும்போது போடுகிற சத்தம் அது. "ஒடனே ஆஃப் பண்ணுங்கண்ணே, தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, அதே கம்பெனி, அதே அளவில் புது டிஸ்க் ஒன்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு வருடமாக வராத அடுத்த வாரம் அரை மணி நேரத்தில் வந்துவிட்டது.

போய்ப் பழைய டிஸ்க்கைக் கழற்றி, அடையாளத்துக்கு ஒரு சீட்டு ஒட்டி, மேஜையில் வைத்தேன். புதியதையும் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். பழையதிலிருந்து புதியதற்கு ஒரு மூலை விடாமல் நகல் எடுக்க வேண்டும். ஆரம்பிக்கலாம் என்றால் கரண்ட் இல்லை. மின்வாரியத்தில் சாயங்காலம்தான் வரும் என்றார்கள். அண்ணன், "நாளைக்குச் சாமானெல்லாம் தொடச்சுப் பூஜை போடணும் தம்பி. பூஜைல வச்சத எடுக்கக்கூடாது. விஜயதசமி அன்னைக்கு வா. ஒம்பதேகாலுக்கு நல்ல நேரம். மொத வேலையா இதையே ஆரம்பிச்சுருவோம்" என்றார். அணைத்து வைத்த டிஸ்க் இரண்டு நாளில் ஒன்றும் ஆகிவிடாது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

விஜயதசமி அன்று ஒன்பது மணிக்குப் போனேன். மாடிப்படியில் வாழைக்கன்று கட்டியிருந்தது. உள்ளே யாரும் இல்லை. டீ வாங்க அண்ணன் எதிர்க்கடைக்குப் போயிருந்தார். மேஜை மேல் கேமராக்கள், லென்ஸ்கள், குடை லைட், லேமினேஷன் மிஷின், பிரிண்டர் எல்லாம் வரிசையாக, எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். என் டிஸ்க் இரண்டுக்கும் வஞ்சகமில்லாமல் சந்தனம் பூசியிருந்தார். நான் ஒட்டிவைத்த சீட்டு, கம்பெனி போட்ட நம்பர் எல்லாம் சந்தனத்துக்குள் காய்ந்துபோயிருந்தன. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி கிடந்தன.

மேஜைக்கு அடியில் தரையில் ஒரு துண்டு மல்லிகை கிடந்தது. இரவெல்லாம் ஃபேன் ஓடியிருக்கும் போல. பூஜைப் பூ காலில் படக்கூடாது. குனிந்து எடுத்தேன், கண்ணில் ஒற்றிக்கொண்டேன், கைக்கு எட்டிய இடத்தில், ஒரு டிஸ்க்கின் மேல் வைத்தேன். என் வீட்டில், கோயிலில், எங்கே கண்டாலும் அப்படித்தான் செய்வேன். யோசித்துச் செய்கிற காரியமா அது? செய்த அடுத்த நொடியே மறந்தும் போனேன்.

அண்ணன் டீயோடு வந்தார். பொரியும் சுண்டலும் வைத்தார். சூடம் காட்டினார். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, "ஒம்பதே முக்கால் ஆச்சு தம்பி, பத்தேகாலோட நல்ல நேரம் முடிஞ்சுரும்" என்றார். நான் கேபிள்களைப் பிரித்துக்கொண்டே, "எதுண்ணே பழசு?" என்றேன். அவர் குடை லைட்டுக்குத் தீபம் காட்டிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை.

"பூ வச்சது பழசு."

சந்தனத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்திருந்தால் நம்பர் தெரிந்திருக்கும். பூஜை முடிந்த சூட்டில் சாமிச் சந்தனத்தைச் சுரண்ட மனம் வரவில்லை. அதுகூட வேண்டாம், மென்பொருளிலேயே ஒவ்வொரு டிஸ்க்கிலும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு நிமிட வேலை. பதறாத காரியம் சிதறாது என்று என் வாடிக்கையாளர்களுக்கு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். பூ வைத்ததை முதல் கேபிளில் மாட்டினேன். பூ இல்லாததை இரண்டாவதில் மாட்டினேன். பென் டிரைவைச் சொருகினேன்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. இரண்டாவது டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்று அழுத்தினேன். அது அத்தோடு விடாது. இன்னொரு தடவை கேட்கும். எழுதியவர்கள் மனிதர்களைத் தெரிந்தவர்கள். நிச்சயமாகத்தான் சொல்கிறாயா என்று கேட்டது. மறுபடியும் சம்மதம் என்று அழுத்தினேன். அண்ணன் இரண்டு கையையும் கூப்பி அந்தத் திரையைக் கும்பிட்டார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. நாங்கள் சுண்டல் தின்றோம். அவர் அண்ணியைப் பற்றிப் பேசினார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பாட்டி, லைட்டுக்கு நின்ற அண்ணியை மணப்பெண் என்று நினைத்துத் திருநீறு பூசிவிட்ட கதையைச் சொன்னார். இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அப்போது டிக் டிக் என்று சத்தம் கேட்டது.

அண்ணன் காதைக் கொடுத்துக் கேட்டார். "ஏன் தம்பி, புது டிஸ்க்குலேர்ந்து சத்தம் வருது?"

அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்க முடியாது. கையை நீட்டி இரண்டையும் தொட்டேன். பூ வைத்தது சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. பூ இல்லாதது என் விரலுக்கு அடியில் துள்ளியது. வயரைப் பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் டீ கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. நாற்பத்தேழு சதவீதம் என்று காட்டியபடி திரை அணைந்தது. வெறும் டிஸ்க்கின் வெறுமையை, வருடம் வருடமாக, அண்ணி மேல் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அண்ணனுக்கு அப்போதே புரிந்துவிட்டது. எந்த டிஸ்க் எது என்பது புரிந்தது. எப்படி மாறியது என்பதை அவராகவே முடிவு செய்துகொண்டார்.

"பூவ நான் மாத்தி வச்சுட்டேனா?" என்றார். "பழசுலதானேடா வச்சேன். அவ இருக்கான்னு அதுல மட்டும்தானே வச்சேன். மாத்தியா வச்சுட்டேன்?"

அப்போதுதான் எனக்குத் தரையில் கிடந்த மல்லிகை ஞாபகம் வந்தது. விரலில் அதன் ஈரம்கூட ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன். "விடுங்கண்ணே, பாதி மிச்சம் இருக்கு, எடுத்துரலாம்" என்றேன். பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. அதற்குப் பொய்யே தேவலாம்.

டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டுவந்தேன். மிஞ்சிய பாதியில் சிதறிக் கிடப்பதைப் பொறுக்கி எடுக்க வேறொரு இலவச மென்பொருள் உண்டு. அதுவும் யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதியதுதான். டிஸ்க் நின்று நின்று ஓடியது. ஒன்பது நாள் கடையில் வேறு வேலை எடுக்கவில்லை. படங்கள் வந்தன, பெயர் இல்லாமல், தேதி இல்லாமல், ஃபோல்டர் இல்லாமல். வெறும் எண்கள். ஆயிரக்கணக்கான முகங்கள். தாலி கட்டுகிற கை, பந்தியில் இலை, அழுகிற குழந்தை, பாதிப் படம் சாம்பல் நிறமாகிப்போன மணப்பெண். அத்தனைக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தாளைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிடைத்தது. ஆனால் டிஸ்க் முன்னாலிருந்து பின்னாலாக நிரம்பியது. பழைய வருடங்கள் முன்பாதியில் இருந்தன. நான் அழித்தது முன்பாதியை. இரட்டைச் சடை போயிற்று. கூச்சம் போயிற்று. மூவர் கோயில் போயிற்று. தாளுக்கு மேல் சிரித்த கண் போயிற்று. எனக்குக் கிடைத்ததெல்லாம் கடைசி வருடங்கள். கன்னம் ஒட்டிய அண்ணி. தலையில் முடியில்லாமல் துணி கட்டிய அண்ணி. நிற்க முடியாமல், மண்டபத்தில் ஆள் வருவதற்குள், மணப்பெண் நாற்காலியில் அவசரமாக உட்கார்ந்து தாளைத் தூக்கிக் காட்டுகிற அண்ணி. கடைசிப் படத்தில் தாள் மடியில் கிடக்கிறது. அதைத் தூக்கும் தெம்பு இல்லை. கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன்.

அறுபத்தெட்டுப் படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்லா இருந்தப்ப எடுத்தது ஒண்ணுமே இல்லையா?" என்றார். "இல்லண்ணே." பிறகு, "நீ என்ன பண்ணுவ. ஒம்பது நாளு ஒக்காந்திருக்க. ஆனைக்கும் அடி சறுக்கும். எனக்குத்தான் கை சறுக்கிப் போச்சு" என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார். தட்டியதை வாங்கிக்கொண்டு டீயையும் குடித்துவிட்டு வந்தேன்.

சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தடவை பஸ்ஸில் போகும்போதும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் போவேன். சித்தன்னவாசல் பிரிவு தாண்டும்போது முதல் வாக்கியம் தயாராக இருக்கும். படியேறி அவர் முகத்தைப் பார்த்ததும் அது போய்விடும். சொன்னால் இந்த வாசல் அடைத்துவிடும் என்று பயந்தேன். அது மட்டும்தான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. அவருக்கு நகல் எடுத்தேன், இரண்டு நகல். ஒன்று அவர் வீட்டில், ஒன்று என் பீரோவில். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அவர் காலையில் படம் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அந்த அறுபத்தெட்டையும் திறப்பதில்லை. சுவரில் உள்ள படத்துக்கு விளக்கேற்றுவதோடு சரி. ஏற்றும்போது உதடு அசையும். மந்திரம் என்று நினைத்தேன்.

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு அவர் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன். சாமானெல்லாம் துடைத்து அடுக்கியிருந்தார். சந்தனம் குழைத்து வைத்திருந்தது, பூசவில்லை. ஒரு முழம் மல்லிகை, வாங்கிவந்த இலையிலேயே மடங்கிக் கிடந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா தம்பி. இந்தா, நீயே வையி" என்று இலையை என் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க வைங்கண்ணே."

"வேணாம். என் கையால வச்சது போதும். கட்டுனவள ரெண்டாந் தடவ நானே எரிச்ச மாதிரி ஆயிருச்சு. நீ வையி. ஒன் கை நல்ல கை."

பூவை எடுத்தேன். இலையிலேயே திருப்பி வைத்தேன். பஸ்ஸில் ஒரு வருடமாகச் சேர்த்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை.

"அண்ணே, பூவ மாத்தி வச்சது நீங்க இல்ல. கீழ கெடந்துச்சு. நான்தான் எடுத்து வச்சேன். எதுல வச்சேன்னு பாக்கல. நீங்க டீ வாங்கப் போயிருந்தீங்க."

அவர் என்னைப் பார்த்தார்.

"கீழ கெடந்துச்சா?"

"ஆமாண்ணே."

"அப்ப நான் சரியாத்தான் வச்சிருந்தேனா?"

"சரியாத்தான் வச்சிருந்தீங்க."

"இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்ணே."

கீழே மருந்துக் கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் சந்தனக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பிறகு, சத்தம் போடாமல், "தெரியாம செஞ்சதுக்கு ஒன்னய ஒண்ணும் சொல்லமாட்டேன். பூவ மிதிக்காம எடுத்து வச்ச. யாரா இருந்தாலும் அதத்தான் செய்வான்" என்றார். "ஆனா ஒரு வருஷம்டா. தெனம் வெளக்கேத்துறப்ப அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன். தெனம். அத எதப் போட்டுத் திருப்பி எடுப்ப?"

சாவிக்கொத்து சட்டைப் பையில் கனத்தது.

அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். சுவரில் இருந்த படத்துக்கு முன்னால் போய் நின்றார். அடியில் வெள்ளைத் தாளின் நுனி தெரிகிற அந்தப் படம். முழத்தில் ஒரு துண்டு பூவைக் கிள்ளி, அதன் மேல் வைத்தார். சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

"கேட்டியாடி?" என்றார். "நான் இல்லையாம். நான் அழிக்கலையாம்."

திரும்பத் திரும்ப அதையே அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் படியிறங்கி வந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.